வள்ளிக்கு மூன்றாவது வெளிச்சம்

பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தியாதான் வெளிநாடு. அப்பாவுக்கு முசிறி சொந்த ஊர். துறைமுகத்து வேலையை விட்டு அவரால் வர முடியவில்லை. "குலதெய்வத்துக்கு நீயே போய்ப் பொங்கல் வச்சிட்டு, பாலக்கரையில செல்லம்மாவையும் பார்த்துட்டு வா" என்று என்னைக் கப்பல் ஏற்றிவிட்டார். செல்லம்மாள் என் பெரியப்பாவின் மகள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் எனக்கு வேலை. இதைச் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும். கப்பலில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

திருச்சி ஜங்ஷனில் இறங்கி, கையில் குடையும் பெட்டியுமாக நின்றேன். பக்கத்தில் இரண்டு ஆங்கிலோ-இந்திய ரயில் கார்டுகள் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். "தனியாக வந்திருக்கிறாளே, மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சராக இருக்கும்" என்றார் ஒருவர். "அந்தக் குடையைப் பிடித்திருக்கிற விதத்தைப் பார். பிள்ளைகள் பாவம்" என்றார் மற்றவர். நான் திரும்பி, நான் டீச்சர் இல்லை என்று அவர்கள் பாஷையிலேயே சொன்னேன். இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஊரில் கால் வைத்த முதல் நாளே இப்படி அமைந்தது எனக்குப் பரம சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஜட்கா ஏறும் வரைதான் நீடித்தது. பினாங்கு ரிக்ஷாவில் நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். ஜட்காவிலோ வைக்கோல் மேல் காலை மடக்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டும். "அம்மா, கொஞ்சம் முன்னால வாங்க. வண்டி பின்பாரமா இருக்கு" என்றான் வண்டிக்காரன். நகர்ந்தேன். "இப்ப முன்பாரமா இருக்கு, கொஞ்சம் பின்னால போங்க." பாலக்கரை போய்ச் சேரும் வரை நான் தராசு முள் மாதிரி ஆடிக்கொண்டே போனேன்.

செல்லம்மாள் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். முழுகாமல் இருக்கிறாள் என்பது பார்த்ததும் தெரிந்தது, ஐந்தாம் மாதம். அவள் இடுப்பில் வள்ளி. மூன்று வயது முடிந்த பெண், என்னைப் பார்த்ததும் முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொண்டாள்.

"உங்க அப்பா மூக்கு அப்படியே இருக்குடி உனக்கு" என்று அக்கா என் கன்னத்தை வழித்தாள். "ஆனா இவ்வளவு ஒல்லியா? அங்கே சோறு போடறாங்களா, இல்லே படிப்பை மட்டும் போடறாங்களா?"

காப்பி வந்தது. பினாங்கில் டின் பாலை ஊற்றி, கரண்டி நிற்கிற மாதிரி குடிப்போம். இங்கே அப்போதுதான் கறந்த பால். வாயில் வைத்ததும் நெற்றி வரை மணம் ஏறியது. இரண்டாவது டம்ளர் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன். அத்தான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். மாலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தையே, "எக்ஸ்ரே மிஷினுக்கு எவ்வளவு வோல்ட்டு தேவைப்படும்?" என்பதுதான். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

மறுநாள் முசிறி. பஸ் கிளம்பும்போது ஒருவன் முன்னால் இரும்புக் கம்பியைச் சொருகிச் சுழற்ற, கண்டக்டர் பின்னால் தள்ள, பிரயாணிகள் உள்ளே கடவுள் பெயரைச் சொன்னார்கள். பாதி வழியில் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறி வண்டி நின்றது. "எல்லாரும் இறங்குங்க, வண்டிக்குத் தாகம்!" என்றார் கண்டக்டர். வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றியதும் மறுபடி கிளம்பினோம். இரண்டு பக்கமும் வாழை, வாழை, வாழை. ஒரு கிழவர் தன் குலையிலிருந்து ஒரு சீப்புப் பூவன் பழத்தை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். அவ்வளவு சின்னப் பழத்தில் அவ்வளவு தித்திப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

பொங்கல் பொங்கியது. சொந்தக்காரப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, தோட்டையும் புடவையையும் செருப்பையும் ஆராய்ந்தார்கள். என் வேலையைப் பற்றி அக்கா ஏற்கனவே சொல்லி அனுப்பியிருந்தாள்போல.

"வெளிச்சம் போட்டு உள்ளே இருக்கறதைப் பார்ப்பியாமே? என் மருமக வயித்துல பையனா பொண்ணான்னு பார்த்துச் சொல்லேன்" என்றாள் ஒரு அத்தை.

அதற்கெல்லாம் அந்த வெளிச்சத்தை வீணாகக் காட்டக் கூடாது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "காட்டினா என்ன தேய்ஞ்சா போயிடும்?" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் பொங்கல் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்கு அன்றே ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம். பதில் எனக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த மிஷின் வந்த காலம் முதல் வேலை செய்த ஒருவர் இருந்தார். தினமும் மிஷின் சரியாக வேலை செய்கிறதா என்று தன் கையை நீட்டிப் பார்த்தே பழகியவர். கடைசியில் அவருடைய விரல்கள் வெடித்து, ஆறாத புண்ணாகி, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் எங்களுக்கு ஈயம் கலந்த ரப்பர் அங்கியும் கையுறையும் வந்தன. எங்கள் டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் அதிலிருந்து வந்ததுதான். குழந்தைக்குப் படம் எடுக்கும் முன் பழைய படம் இருக்கிறதா என்று கேள். ஒன்று போதுமானால் இரண்டு எடுக்காதே. முழுகாமல் இருக்கும் பெண்ணைக் குழந்தையைப் பிடித்துக்கொள்ள உள்ளே விடாதே.

முசிறியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை பாலக்கரையில் கூடத்தில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தேன். வள்ளி மூலையில் மரப்பாச்சியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பொம்மையை மணையில் மல்லாக்கக் கிடத்தினாள். ஒரு காலின் கீழே விசிறியைச் சொருகினாள். முறத்தைத் தூக்கி அதன் மேல் பிடித்தாள்.

"ஆடாதே. மூச்சு விடாதே" என்றாள் கண்டிப்பாக. பிறகு "உம்ம்ம்ம்" என்று மிஷின் மாதிரி சத்தம். "ஆச்சு. ஆடிட்டே! இன்னொண்ணு."

நான் சிரித்தேன். அவ்வளவு சரியாகச் செய்தாள். பிறகு அவள் மறுபடி விசிறியைச் சொருகி, மறுபடி "ஆடிட்டே, இன்னொண்ணு" என்றபோது என் கை பின்னலிலேயே நின்றுவிட்டது. ஒரு தடவை படம் எடுத்த குழந்தைக்கு அழுகைதான் நினைவிருக்கும். இவளுக்கு வேலையே தெரிந்திருக்கிறது.

"அக்கா, வள்ளிக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"ஆமா, உனக்குச் சொல்லலையா? ஆடிப்பெருக்கு அன்னிக்கு காவேரியில, அம்மா மண்டபம் படித்துறையில வழுக்கி விழுந்தா. கால் எலும்புல கீறல்" என்றாள் அக்கா அடுக்களையிலிருந்து. "தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு டாக்டர்கிட்ட வெளிச்சம் காட்டினோம். அழுதுகிட்டே இருந்த பொண்ணு, அன்னிக்கு ராத்திரி அசந்து தூங்கினாடி. அப்படி ஒரு கைராசி அந்த வெளிச்சத்துக்கு!"

"மாவுக்கட்டு போட்டாங்களா?"

"அதுவும் போட்டாங்க."

மாவுக்கட்டுப் போட்டதால் எலும்பு அசையவில்லை, அதனால் வலி இல்லை, அதனால் தூக்கம். ஆனால் நன்றியெல்லாம் வெளிச்சத்துக்குப் போய்விட்டது. கட்டுப் பிரித்த பிறகும் வள்ளி நொண்டியிருக்கிறாள். உடனே அக்கா வேறொரு டாக்டரிடம் போய், "நேத்துதான் விழுந்தா" என்று சொல்லி, இரண்டாவது முறை வெளிச்சம் காட்டியிருக்கிறாள். அங்கே வள்ளி ஆடிக்கொண்டே இருந்ததால் திரும்பத் திரும்ப எடுத்தார்களாம்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"பழைய படம் இருக்குன்னு தெரிஞ்சா புதுசா எடுக்க மாட்டாங்களே!" அக்காவுக்கு என் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "இன்னும் ஒண்ணு பாக்கி. சனிக்கிழமை சீரங்கத்துல காட்டிட்டா முடிஞ்சிது."

"எதுக்கு இன்னும் ஒண்ணு?"

"மூணு வேண்டாமா? திருஷ்டி கழிச்சா மூணு சுத்து. பள்ளிவாசல்ல ஓதினா மூணு நாள். மருந்துகூட மூணு வேளைதானே? ரெண்டோட விட்டா குறையா நிக்கும்டி. பார்க்கறியே, கால் இன்னும் கொஞ்சம் இழுக்குதே!"

அவள் சாமி அலமாரியைத் திறந்து காட்டினாள். மஞ்சள் துணியில் சுற்றிய இரண்டு படங்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. பெருமாள் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் வள்ளியின் கால் எலும்பு பூஜையில் இருந்தது.

நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அது வெளிச்சமே இல்லை, வைத்தியமும் இல்லை, பார்ப்பதற்கான ஒரு வழி என்றேன். வளர்கிற எலும்புக்கும் தோலுக்கும் அது அதிகமானால் கெடுதல் என்றேன். எங்கள் ஆஸ்பத்திரிக்காரரின் விரல்களைப் பற்றிச் சொன்னேன்.

அக்கா கவனமாகக் கேட்டாள். "அவரு வருஷக்கணக்கா கையைக் காட்டினாரு. இவ மூணு தரம்தானே?" என்றாள். "அடுப்புல நாள் பூரா நிக்கறவளுக்கும், ஒரு தரம் குளிர் காயறவளுக்கும் வித்தியாசம் இல்லையா?"

நல்ல கேள்வி. பள்ளிக்கூடம் போயிருந்தால் அக்கா என்னைவிட நன்றாகப் படித்திருப்பாள். தேவையில்லாத ஒன்று எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் குழந்தைக்கு வேண்டாம் என்றேன். பிறகு, மனத்தில் முள்ளாக இருந்ததைக் கேட்டேன். "வள்ளியை யார் பிடிச்சுக்கிட்டது?"

"நான்தான். வேற யாருகிட்ட இருப்பா?"

நான் அவள் வயிற்றைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துவிடக் கூடாதே என்று பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

அத்தானிடம் சொல்லலாம் என்று ஒரு யோசனை. "அவருகிட்ட சொன்னே, உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று அக்கா முந்திக்கொண்டாள். இரண்டாவது டாக்டரிடம் போனதே அவருக்குத் தெரியாதாம். பிறகு குரலைத் தணித்துக் கெஞ்சினாள். "நீயும் எங்ககூட வாயேன். நீ இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசினா அந்த டாக்டர் கேள்வி கேட்காம எடுத்துடுவாரு."

என் படிப்புக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் உபயோகம் இது! கோபம் வந்தது. ஆனால் நான் போகாவிட்டாலும் அவள் போவாள். வள்ளியைப் பிடித்துக்கொண்டு அவளேதான் நிற்பாள். "பழைய படங்களையும் எடுத்துக்கிட்டு வந்தாத்தான் நான் வருவேன்" என்றேன். நெடுநேரம் பேரம் நடந்தது. கடைசியில், "பையிலே இருக்கட்டும். டாக்டர் கேட்டாத்தான் வெளியே எடுப்பேன்" என்று ஒப்புக்கொண்டாள்.

புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீரங்கத்துக்குப் போகும் பஸ்ஸில் ஊசி விழ இடமில்லை. அக்காவின் வயிற்றைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். காவேரிப் பாலத்தின் மேல் போகும்போது வள்ளி என் மடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் விழுந்த தண்ணி!" என்று பஸ் முழுவதும் கேட்கும்படி அறிவித்தாள். "இவ்வளவு தண்ணியில எந்தத் துண்டும்மா உன்னுது?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அவள் யோசித்து, "அதோ, பச்சையா இருக்கே, அது" என்றாள்.

கோயிலுக்குப் போகும் முன் டாக்டரைப் பார்ப்பது என்று அக்கா தீர்மானித்திருந்தாள். உத்திர வீதியில் ஒரு வீட்டின் முன்கட்டில் வைத்தியசாலை. டாக்டர் நாற்பது வயதுக்காரர், நெற்றியில் மெல்லிய திருமண்.

"வாங்கோ, உட்காருங்கோ. குழந்தைக்கு என்ன?"

"நேத்து விழுந்துட்டா சாமி" என்றாள் அக்கா, என்னை முழங்கையால் இடித்தபடி.

என் வேலையை நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உடனே உள்ளே அழைத்துப் போய் மிஷினைக் காட்டினார். ஜன்னல்களில் கறுப்புத் துணி. கை கால் அசையாமல் அணை கொடுக்க மணல் பைகள், ரப்பர் அங்கி, எல்லாம் முறையாக இருந்தன. எங்கள் அறையில் வரும் அதே வாசனை. இடி இடித்த பிறகு காற்றில் இருக்குமே, அது. ஒரு கணம் எனக்குப் பினாங்கு ஞாபகம் வந்துவிட்டது. அக்கா எங்கள் பேச்சைக் கேட்டு, காரியம் ஆகிறது என்று பூரித்து நின்றாள். அவளைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இனியும் தாமதிக்கக் கூடாது என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் வள்ளி அக்காவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டாள். நொண்டிக்கொண்டே போய், பக்கத்திலிருந்த மரப்படியில் கால் வைத்து எக்ஸ்ரே மேஜையில் ஏறினாள். மல்லாக்கப் படுத்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேலே இழுத்து, வலது காலைத் திருப்பி வைத்தாள். கன்னம் இரண்டும் உப்ப, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஸ்விட்சின் பக்கம்கூடப் போகவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூச்சு விடு குழந்தே" என்று அவள் தலையைத் தடவினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "எத்தனை தரம் எடுத்திருக்கேள்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பையைப் பார்த்தேன். அவள் மெல்லப் பையைத் திறந்து, மஞ்சள் துணியை எடுத்தாள்.

டாக்டர் திட்டவில்லை. குங்குமத்தைப் பார்த்து அவர் உதடு கொஞ்சம் துடித்தது, அவ்வளவுதான். "மூலையைத் துடைக்கலாமோ?" என்று அக்காவிடம் உத்தரவு கேட்டு, வேஷ்டித் தலைப்பால் துடைத்தார். படங்களை முற்றத்துக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு எதிரே பிடித்தார். முதல் படத்தில் தலைமயிர் போல ஒரு கீறல். இரண்டாவதில் அந்த இடத்தில் புது எலும்பு மேகம் மாதிரி கூடியிருந்தது.

"நன்னாக் கூடிடுத்து. நடக்க நடக்க நொண்டல் போயிடும். புதுசா ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு, சாமி. மூணாவது" என்றாள் அக்கா. ஏன் மூன்று என்பதையும் சொன்னாள்.

"பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சே. இது குணப்படுத்தற வெளிச்சம் இல்லேம்மா. வேண்டாதபோது காட்டினா உபத்திரவம்தான்." சற்றுத் தயங்கினார். "குழந்தையைப் பிடிச்சுண்டது யாரு?"

அக்காவின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

டாக்டர் குரலை இன்னும் தாழ்த்தினார். "காலுக்குத்தானே எடுத்தா, கொஞ்ச நாழிதான். உம்மேல நேரா விழலே. பயப்படாதே. ஆனா இனிமே அந்த ரூமுக்குள்ள நீ நிக்கப்படாது. இப்படிப் பிடிச்சுக்க டாக்டர்கள் நாங்களும் உன்னைச் சொல்லியிருக்கப்படாது."

'நாங்கள்' என்று அவர் சேர்த்துக்கொண்டது எனக்குப் பெரிதாகப் பட்டது. அக்காவுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

கோயிலுக்கு நடந்தோம். புளியோதரை மணம் வந்தது, யாருக்கும் பசிக்கவில்லை. "உனக்கு இது முன்னாடியே தெரியுமில்லே? அன்னிக்கு என் வயித்தைப் பார்த்தியே" என்றாள் அக்கா. ஆமாம் என்றேன். "ஏன் சொல்லலே?"

"பயப்படுவீங்கன்னுதான்."

"படிச்சவங்க எல்லாரும் இப்படித்தான். வேண்டாத நேரத்துல வாய் மூடாது, வேண்டிய நேரத்துல திறக்காது."

வரிசையில் நெருக்கினார்கள். வள்ளியை நான் தூக்கிக்கொண்டேன். அக்காவின் வயிற்றில் இடி படாமல் என் முதுகைக் கொடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அவள் முந்தானையைக் கடித்தபடி வந்தாள். "ஒண்ணும் ஆகாதில்லே?" என்று நடுவில் ஒருமுறை கேட்டாள். "ஆகாதுன்னுதான் டாக்டரும் நினைக்கிறாரு, நானும் நினைக்கிறேன்" என்றேன். அதற்கு மேல் நிச்சயமாகச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்; பிறகு விடவில்லை.

சன்னதிக்குள் இருட்டு. குளிர்ச்சி. பெருமாள் சயனித்திருப்பது முதலில் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பட்டர் கைவிளக்கை உயர்த்தி, "திருமுகம் சேவிச்சுக்கோங்கோ… திருவடி சேவிச்சுக்கோங்கோ" என்று நகர்த்தினார். வெளிச்சம் அப்படியே திரும்பி எங்கள் மேலும் விழுந்தது.

என் இடுப்பில் இருந்த வள்ளி விறைத்துப் போனாள். வலது காலை நேராக நீட்டினாள். கன்னம் உப்ப, கண்ணைக்கூட இமைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து "நகருங்கோ, நகருங்கோ" என்றார்கள். அக்கா நகரவில்லை. பெருமாளைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து வள்ளியின் கன்னத்தை இரண்டு விரலால் மெதுவாக அமுக்கினாள்.

"மூச்சு விடு, கண்ணு. மூணு ஆயிடுச்சு."